கடற்பாசியின் தோலும் நம் தோலும்

ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியாவை ஆய்வகத்தில் வளர்க்க வேண்டுமென்றால் முதலில் அகார் காய்ச்ச வேண்டும். அகார் சிவப்புக் கடற்பாசியிலிருந்து வருவது. அதைப் பெட்ரித் தட்டில் ஊற்றி, ஆறி உறைந்ததும் பஞ்சுக் குச்சியால் பாக்டீரியாவைப் பூசி, மேலே சிறு காகித வில்லை ஒன்றை வைக்கிறார்கள். வில்லையில் ஊறியிருப்பதும் ஏதோவொரு கடற்பாசியின் சாறு. மறுநாள் காலை வில்லையைச் சுற்றி எதுவும் முளைக்காத ஒரு வட்டம் தெரிந்தால், சாற்றுக்குப் பாக்டீரியாவைத் தடுக்கும் குணம் உண்டு என்று குறித்துக்கொள்கிறார்கள். ஆக, அந்தத் தட்டில் கிருமிக்கு மேடை போட்டதும் பாசி, அதன் வளர்ச்சியைத் தடுத்ததும் பாசி.

இத்தகைய சோதனைகள் நம் கரையில் ஏராளம். மன்னார் வளைகுடாவில் எடுத்த கட்டக்கோரை, கஞ்சிப்பாசி, பக்கோடாப் பாசி என ஒவ்வொன்றின் சாற்றையும் சிரங்கு, சீழ்க்கட்டி, தீப்புண் ஆகியவற்றில் காணப்படும் பாக்டீரியாக்கள்மீது போட்டுப் பார்த்த ஆய்வுக் கட்டுரைகள் பல பத்தாண்டுகளாக வந்துகொண்டிருக்கின்றன. பலவற்றின் கடைசிப் பத்தி ஒரே மாதிரி இருக்கும்: புதிய மருந்துக்கு இந்தப் பாசி நல்ல வாய்ப்பு என்று. ஆனால் மருந்துக் கடையில் போய்க் கேட்டால் அப்படியொரு களிம்பு கிடைக்காது. கட்டுரைகள் பொய் சொல்லவில்லை. தட்டில் தெரியும் வட்டம் சொல்லும் செய்தி மிகக் கொஞ்சம். அதோடு, பாசியிடம் நாம் கேட்டுவரும் கேள்வியும் சற்றுப் பிசகானது என்றே எனக்குத் தோன்றுகிறது.

முதலில் நம் தோலைப் பார்ப்போம். ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகர அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன் 1880 வாக்கில் நோயாளிகளின் கட்டிகளைக் கீறி, வந்த சீழை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். கொத்துக் கொத்தாக உருண்டைகள் தெரிந்தன. அவைதான் ஸ்டஃபைலோகாக்கஸ். 100 பேரில் சுமார் 30 பேரின் மூக்கில் இது எந்தத் தொல்லையும் தராமல் குடியிருக்கிறது. தோலில் ஒரு கீறல் விழுந்தால் போதும், உள்ளே இறங்கிக் கட்டியாகவோ சிரங்காகவோ தோலடி வீக்கமாகவோ வெளிப்படும். பென்சிலினைத் தாண்டி வளர்ந்த இந்தக் கிருமிக்காக 1959இல் மெத்திசிலின் வந்தது; 1961இல் இங்கிலாந்தில் மெத்திசிலினுக்கும் அடங்காத வகை தென்பட்டுவிட்டது. எம்ஆர்எஸ்ஏ என்று மருத்துவமனைகள் அஞ்சும் வகை அதுதான். இதற்குத் துணையாக ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பையோஜீனஸ், தீப்புண்ணில் பச்சைச் சீழோடு வரும் சூடோமோனாஸ் எரூஜினோசா, முகப்பருவோடு தொடர்புடைய கியூட்டிபாக்டீரியம் ஏக்னஸ்.

இவ்வளவு பேர் இருக்கையில், தோலுக்கென்று பாசியில் மருந்து தேடுவதில் ஒரு நியாயம் இருக்கிறது. விழுங்கும் மருந்து வயிற்று அமிலத்தைக் கடந்து, கல்லீரலில் சிதையாமல், இரத்தத்தில் போதுமான அளவுக்கு ஏறி, நோயுள்ள இடத்தை அடைய வேண்டும். அந்த வழியில் தோற்றுப்போன பொருட்கள் எத்தனையோ. தோலில் தடவுவதற்கு அந்தத் தடைகள் இல்லை. செறிவைக் கூட்டிப் போடலாம், வேண்டாமென்றால் கழுவிவிடலாம். ஆகவே உள்ளுக்குக் கொடுக்க லாயக்கில்லாத ஒரு பொருளுக்கும் தோலில் ஓரிடம் கிடைக்கக்கூடும்.

சரி, பாசிக்கு ஏன் இந்தக் குணம் வர வேண்டும்? ஒரு மில்லிலிட்டர் கடல்நீரில் சுமார் 10 லட்சம் பாக்டீரியாக்கள் இருக்கின்றன. பாறையைப் பற்றிக்கொண்டு நிற்கும் பாசி அந்த நீரில்தான் இரவும் பகலும் நனைந்துகொண்டிருக்கிறது. நம்மைப்போல் எதிர்ப்புப் புரதங்களைச் செய்யும் இரத்த அணுக்கள் அதற்கு இல்லை. கடலில் எந்தப் பரப்பை வைத்தாலும் சில மணி நேரத்தில் பாக்டீரியா ஒட்டும், பின்னாலேயே டயாட்டம்கள், அதற்கப்புறம் கொட்டலசு போன்றவற்றின் இளம் உயிரிகள். படகின் அடிப்பாகத்தைச் சுரண்டியவர்களுக்கு இது தெரியும். பாசியின் மேல் இப்படிப் படிந்தால் வெயில் உள்ளே போகாது, பாசி பட்டினிதான். அதனால் தன் தோலைச் சுத்தமாக வைத்துக்கொள்ள அது வேதிப்பொருட்களை நம்புகிறது.

அவற்றில் எளிமையானவை கொழுப்பமிலங்கள். 1944இல் ராபர்ட்சன் பிராட்டும் உடன் பணியாற்றியவர்களும் குளோரெல்லா என்ற நுண்பாசியிலிருந்து பாக்டீரியாவைத் தடுக்கும் ஒரு பொருளைப் பிரித்து ‘குளோரெல்லின்’ என்று பெயரிட்டார்கள். அது கொழுப்பமிலங்களின் கலவை. 2009இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில், ஒரு கடல் டயாட்டத்தின் கொழுப்பமிலம் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸைக் கொல்வதைக் காட்டினார்கள். இவை பாக்டீரியாவின் சவ்வுக்குள் புகுந்து அதைத் தளர்த்துகின்றன. ஆற்றல் உற்பத்திக்கு வேண்டிய எலெக்ட்ரான் ஓட்டம் அங்கே குலைகிறது. வேடிக்கை என்னவென்றால், நம் தோலும் இதையேதான் செய்கிறது. எண்ணெய்ச் சுரப்பிகள் கசியவிடும் சேப்பியெனிக் அமிலம் ஸ்டஃபைலோகாக்கஸை அடக்கி வைக்கிறது. அது குறைவாக உள்ள அரிப்புப் படை நோயாளிகளின் தோலில் அந்தக் கிருமி மிகுதியாகக் காணப்படுகிறது.

பழுப்புப் பாசிகளின் கையிருப்பு வேறு. ஃபுளோரோடானின்கள் என்ற துவர்ப்புப் பொருட்களை அவை செல்லுக்குள் சிறு பைகளில் சேர்த்து வைக்கின்றன. புரதங்களை இறுகப் பற்றிக்கொள்வது இவற்றின் இயல்பு. எக்லோனியா குரோமே என்ற ஜப்பானியப் பாசியின் ஃபுளோரோடானின்கள் எம்ஆர்எஸ்ஏ வகைகளைக் கொல்வதை 2002இல் அந்நாட்டு ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். 2008இல் கொரியாவில், எக்லோனியா ஸ்டோலோனிஃபெரா என்ற பாசியிலிருந்து பிரித்த டைக்கால் என்ற பொருள் ஒரு மில்லிலிட்டருக்கு 32 முதல் 64 மைக்ரோகிராம் அளவில் எம்ஆர்எஸ்ஏ வளர்ச்சியை நிறுத்தியது. ஆம்பிசிலினோடு சேர்த்துக் கொடுத்தபோது, வேலை செய்யாமல் கிடந்த ஆம்பிசிலினும் மறுபடி பலித்தது. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது இந்தப் பின்பாதிதான்.

சிவப்புப் பாசிகள் கடல்நீரையே ஆயுதக் கிடங்காக்குகின்றன. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 65 மில்லிகிராம் புரோமைடு உண்டு. வனேடியம் என்ற உலோகத்தை மையத்தில் கொண்ட ஒரு நொதியால் பாசி அந்தப் புரோமைடைத் தன் சேர்மங்களில் ஏற்றிவிடுகிறது. மலேசியாவின் சபா கரையோர லாரன்சியா பாசிகளில் இத்தகைய புரோமின் ஏறிய பொருட்களையும் அவற்றின் பாக்டீரியா எதிர்ப்பையும் சார்லஸ் வைரப்பன் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். நம் இரத்த வெள்ளணுக்களும் கிருமியைக் கொல்ல ஏறக்குறைய இதே வேதியியலைக் கையாள்கின்றன. அங்கே புரோமைடுக்குப் பதில் குளோரைடு, வனேடியத்துக்குப் பதில் இரும்பு.

எந்த நாட்டு ஆய்வை எடுத்தாலும் ஒரு போக்கு பெரும்பாலும் மாறுவதில்லை: ஸ்டஃபைலோகாக்கஸ் எளிதில் அடங்கும், சூடோமோனாஸ் அடங்காது. காரணம் உடலமைப்பு. கிராம் சாயத்தை ஏற்கும் ஸ்டஃபைலோகாக்கஸுக்கு ஒரு சவ்வும் அதன்மேல் சல்லடை போன்ற தடித்த சுவரும்தான். சூடோமோனாஸுக்கு வெளியே இன்னொரு சவ்வு. அதையும் தாண்டி உள்ளே போனதை வெளியே தள்ளும் பம்புகள். பாசிச் சாறு அந்த இரண்டாம் காவலில் சிக்கிக்கொள்கிறது.

இப்போது வட்டத்துக்கு வருவோம். காகித வில்லையின் விட்டம் 6 மில்லிமீட்டர். ‘தடை வட்டம் 9 மில்லிமீட்டர்’ என்று அட்டவணையில் எழுதினால் அதில் வில்லையும் சேர்த்தி. உண்மையில் பாக்டீரியா விலகியது ஒவ்வொரு பக்கமும் ஒன்றரை மில்லிமீட்டர். ஒப்பிடுவதற்கு வைக்கும் ஜென்டாமைசின் வில்லையில் இருப்பது 10 மைக்ரோகிராம் மருந்து. சாற்று வில்லையில் ஏற்றுவதோ பல நேரம் மில்லிகிராம் கணக்கு. நூறு மடங்கு கூடுதலாகப் போட்டுவிட்டு ஏறக்குறைய ஜென்டாமைசின் அளவுக்கு வட்டம் வந்தது என்று மகிழ்வது எப்படிச் சரியாகும் என்று கேட்கத் தோன்றும். அதற்கும் ஒரு பதில் உண்டு. சாறு என்பது குழம்பு. அதில் வேலை செய்யும் பொருள் நூற்றில் ஒரு பங்காக இருந்தால் கணக்கு நேராகிவிடும். அப்படியென்றால் அந்தப் பொருளைப் பிரித்தெடுத்துக் காட்ட வேண்டும். மிகுதியான ஆய்வுகள் அந்த இடத்தில்தான் நின்றுபோகின்றன, ஏனெனில் அதற்குப் பிந்தைய வேலைக்குப் பணமும் கருவியும் பொறுமையும் அதிகம் வேண்டும்.

வட்டத்தின் அளவே சாற்றின் வலிமையும் அல்ல. அகார் பெரும்பகுதி நீர். அதில் எளிதாகப் பரவும் பொருள் பெரிய வட்டத்தைக் காட்டும். கொழுப்பமிலம் நீரில் கரையாமல் வில்லையிலேயே ஒட்டிக்கொண்டு சின்ன வட்டம் காட்டும். ஃபுளோரோடானின் தன் பருமனாலேயே தயங்கும். ஆக, வலுவான பொருள் தட்டில் தோற்கவும் சாதாரணப் பொருள் ஜெயிக்கவும் வாய்ப்புண்டு. சாற்றைத் திரவ ஊடகத்தில் படிப்படியாக நீர்க்கச் செய்து, எந்த அளவில் வளர்ச்சி நிற்கிறது என்று பார்ப்பது இதைவிட நேர்மையான முறை. எந்தக் கரைப்பானில் எடுத்தார்கள் என்பதும் முக்கியம். மெத்தனாலில் ஊறவைத்தால் ஒன்று இறங்கும், குளோரோஃபார்மில் வேறொன்று, வெந்நீரில் மற்றொன்று. ஆகவே பாசியின் பெயரை மட்டும் சொல்லி அதற்குக் குணம் கற்பிப்பது பாதி விஷயம்தான்.

இன்னும் சிக்கல், பாசியே நிலையான பொருள் இல்லை. தை மாதம் எடுத்ததும் ஆடியில் எடுத்ததும் ஒன்றல்ல. ஆழம், வெயில், இனப்பெருக்க நிலை, கடித்துப்போன மீன் என எல்லாமே அதன் வேதியியலை மாற்றுகின்றன. இவற்றைவிடக் குறும்பான சந்தேகம் ஒன்றும் உண்டு. பாசியின் மேற்பரப்பில் வாழும் சில பாக்டீரியாக்கள், போட்டிக்கு வரும் மற்ற பாக்டீரியாக்களை விரட்டத் தாமே நஞ்சு சுரக்கின்றன. சூடோஆல்டெரோமோனாஸ் என்ற பேரினம் இதில் பேர்போனது. பாசியைக் கழுவி, உலர்த்தி, அரைத்துச் சாறெடுக்கும்போது அந்தக் குடித்தனக்காரர்களின் சரக்கும் சேர்ந்தே வருகிறது. பாராட்டு வீட்டுக்காரருக்குப் போய்விடுகிறது.

பாக்டீரியா செத்தால் மட்டும் போதாது, நம் செல்கள் பிழைக்கவும் வேண்டும். சவ்வைத் தளர்த்தும் பொருள் எந்தச் சவ்வு என்று பார்த்துத் தளர்த்துவதில்லை. அதே அளவை மனிதத் தோல் செல்கள்மேல் போட்டுப் பார்க்காத ஆய்வைப் படிக்கும்போது ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பதாகவே தோன்றும். அப்புறம், புண்ணில் ஊறும் நிணநீரில் ஆல்புமின் புரதம் நிறைய இருக்கிறது. கொழுப்பமிலங்களைத் தன்னோடு கட்டிப்போடுவது அதன் அன்றாட வேலை. தட்டில் தீரமாக நின்ற பொருள் புண்ணில் வாயடைத்துப் போவதற்கு இதுவே போதும்.

இந்தக் கொல்லும் கதையிலிருந்து விலகி நிற்பது டெலிசியா புல்க்ரா. ஆஸ்திரேலியாவின் தென்கிழக்குக் கரையில், சிட்னி பக்கம் வளரும் சிவப்புப் பாசி. அக்கம்பக்கத்துப் பாசிகள்மேல் அழுக்குப் படிந்திருக்க இது மட்டும் சுத்தமாக இருப்பதைக் கவனித்தவர்கள், அதன் சுரப்பிச் செல்களிலிருந்து ஃபியூரனோன்கள் என்ற புரோமின் சேர்மங்கள் மேற்பரப்புக்குக் கசிவதைக் கண்டார்கள். பல பாக்டீரியாக்கள் தனித்தனியாக இருக்கும்போது அடக்கமாக இருந்து, கூட்டம் போதுமான அளவு சேர்ந்ததும்தான் படலம் கட்டவும் நஞ்சு சுரக்கவும் தொடங்கும். கூட்டம் சேர்ந்துவிட்டதை, ஒவ்வொன்றும் வெளியிடும் சிறு சமிக்ஞை மூலக்கூறுகளின் செறிவை வைத்து அவை அறிகின்றன. டெலிசியாவின் ஃபியூரனோன் அமைப்பில் அந்தச் சமிக்ஞையை ஒத்திருக்கிறது. அந்தத் தகவல் போக்குவரத்தைக் குலைக்கிறது. 1996இல் வெளியான ஆய்வில், வளர்ச்சியைப் பாதிக்காத அளவிலேயே ஃபியூரனோன்கள் பாக்டீரியாவின் கூட்டு நடத்தையைத் தடுத்தன. பாக்டீரியா உயிரோடு இருக்கும், கூடி நின்று தொல்லை தராது.

தட்டில் வட்டம் தேடுகிறவருக்கு இந்தப் பாசியின் சிறப்பு கண்ணில் படாமலே போகலாம். அந்தச் செறிவில் பாக்டீரியா வழக்கம்போல் முளைக்கும், வட்டம் விழாது, ‘செயல் இல்லை’ என்று எழுதிவிட்டு அடுத்த பாசிக்குப் போய்விடுவார்.

தோலுக்கு இது பொருந்துமா என்றால், அவ்வளவு எளிதல்ல. ஃபியூரனோன்கள் குலைக்கும் சமிக்ஞை மொழி சூடோமோனாஸ் போன்றவற்றுக்குரியது. ஸ்டஃபைலோகாக்கஸ் பேசுவது சிறு பெப்டைடுகளால். அந்தப் பேச்சை இடைமறிக்கும் சொலோனமைடு என்ற பொருள் 2011இல் ஒரு கடல் பாக்டீரியாவிலிருந்து கிடைத்தது. ஃபியூரனோன்கள் நம் செல்களுக்கும் ஓரளவு நஞ்சு. எனவே உடலுக்குள் கொடுப்பதைவிட, கான்டாக்ட் லென்ஸ் போன்ற பொருட்களின் மேற்பூச்சாகவே அவற்றைச் சோதித்துப் பார்த்தார்கள். டெலிசியாவுக்கே இதற்கிடையில் பிரச்சினை. கடல் சூடேறினால் அதன் ஃபியூரனோன் குறைகிறது. பாக்டீரியா தொற்றி நுனி வெளுத்துப்போகிறது.

எல்லாப் பாக்டீரியாவையும் விரட்டிவிட்டால் பாசிக்கு நல்லது என்று நினைத்தால் அதுவும் தப்பு. உல்வா என்ற பச்சைப் பாசியைப் பாக்டீரியாவே இல்லாத நீரில் வளர்த்தால் அது இலையாக விரியாது. உருக்குலைந்த செல்கூட்டமாகவே கிடக்கும். அதற்குரிய உருவத்தைத் தருவதே அதன்மேல் வாழும் சில பாக்டீரியாக்கள் சுரக்கும் பொருட்கள்தான். ஆகையால் பாசி செய்வது யாரை விடலாம், யாரைத் தடுக்கலாம் என்று பார்த்துப் பிரிக்கும் வேலை. நம் தோலும் அப்படியே. ஸ்டஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் என்ற சாதுவான உறவினன் அங்கே காலங்காலமாகக் குடியிருந்து, ஆரியஸுக்கு இடம் கொடுக்காமல் பார்த்துக்கொள்கிறான். இரண்டையும் சேர்த்துக் கொல்லும் களிம்பு நாளைக்கு யாருக்கு வழிவிடும் என்பது தெரிந்ததே. பாசிச் சாற்றைச் சோதிக்கும் மாணவர் ஆரியஸையும் எபிடெர்மிடிஸையும் ஒரே குடுவையில் வளர்த்து, எது மிஞ்சுகிறது என்று பார்த்தால் வட்டத்தைவிடப் பயனுள்ள செய்தி கிடைக்கும் என்பது என் கணிப்பு.

இவ்வளவு தேடலுக்கு முன்பே கடற்பாசி புண்ணுக்கு வந்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். 1811இல் பிரான்சில் பெர்னார் கூர்த்துவா வெடியுப்புத் தயாரிப்புக்காகக் கடற்பாசிச் சாம்பலைக் கையாண்டுகொண்டிருந்தார். கந்தக அமிலம் கூடுதலாக விழுந்ததும் ஊதா ஆவி எழுந்து, குளிர்ந்த இடத்தில் கறுத்த படிகமாகப் படிந்தது. அதுதான் அயோடின். 19ஆம் நூற்றாண்டிலேயே அது காயத்துக்குப் போடும் மருந்தாகிவிட்டது. தோலை எரிக்கும் அதன் குணத்தைத் தணித்து 1955இல் வந்த போவிடோன் அயோடின் இன்றும் நம் வீட்டு முதலுதவிப் பெட்டியில் பழுப்பாக இருக்கிறது. இப்போதைய அயோடின் சிலியின் கனிமப் படிவுகளிலிருந்தும் ஜப்பானின் நிலத்தடி உப்புநீரிலிருந்தும் பெரும்பாலும் வருகிறது, பாசியிலிருந்து அல்ல.

இரண்டாவது ஆல்ஜினேட். 1881இல் ஸ்காட்லாந்தின் எட்வர்ட் ஸ்டான்ஃபோர்டு பழுப்புப் பாசியிலிருந்து பிரித்தது. நம் கட்டக்கோரையும் பக்கோடாப் பாசியும் ஆலைக்குப் போவது இதற்காகத்தான். கால்சியம் ஆல்ஜினேட் இழைகளால் செய்த புண் கட்டு, நீர் வடியும் புண்ணில் பட்டதும் தன் கால்சியத்தைக் கொடுத்துச் சோடியத்தை வாங்கிக்கொண்டு கூழாகிறது. புண் ஈரமாகவே இருக்கும், கட்டைப் பிரிக்கும்போது சதை பிய்ந்து வராது. கால்சியம் இரத்தம் உறையவும் உதவும். இது கிருமியைக் கொல்வதில்லை. வெள்ளி அயனி போன்ற ஒன்றைச் சேர்த்தால்தான் அந்தக் குணம் வரும். அப்படியும் மருத்துவமனைகளில் உண்மையாகவே பயன்படும் பாசிப் பொருள் இதுதான்.

சூடோமோனாஸ் கதையின் திருப்பம் இங்கே வருகிறது. பாசிச் சாறுகளுக்கு அசையாத அந்த பாக்டீரியா தானே ஆல்ஜினேட் தயாரிக்கிறது. நாள்பட்ட நுரையீரல் தொற்றில் அதைச் சுற்றியுள்ள வழவழப்பான போர்வையின் பெரும்பங்கு அதுவே. நார்வேயில் லாமினேரியா ஹைப்பர்போரியா பாசியின் ஆல்ஜினேட்டைச் சிறு துண்டுகளாக வெட்டி எடுத்தபோது, அந்தத் துண்டுகள் சூடோமோனாஸ் படலத்தைக் குலைப்பதும், சில ஆன்டிபயாடிக்குகளை அதற்கெதிராகக் கூர்மையாக்குவதும் தெரியவந்தது. முழுப் பாசிச் சாற்றால் அசையாத கிருமியின் படலத்தை, அந்தப் பாசியின் எலும்புக்கூடு போன்ற சர்க்கரைச் சங்கிலியின் துணுக்கு கலைத்துவிடுகிறது.

இதைப் படித்துவிட்டுக் கரையில் ஒதுங்கிய பாசியை அரைத்துச் சிரங்கில் பூச யாரும் கிளம்ப வேண்டாம். பழுப்புப் பாசிகள் கடல்நீரிலிருந்து ஆர்சனிக்கைச் சேர்த்து வைக்கக்கூடியவை. ஹிஜிகி என்ற உணவுப் பாசியில் கனிம ஆர்சனிக் மிகுதி என்று பிரிட்டன் 2004இல் மக்களை எச்சரித்திருக்கிறது. ஒதுங்கிய பாசியில் அழுகல் பாக்டீரியாவும் மணலும் கிழிஞ்சல் தூளும் இருக்கும். திறந்த புண்ணுக்கு இவற்றில் எதுவும் ஆகாது.

நாளைக்கே ஒரு பாசிப் பொருள் நல்ல மருந்தென்று தேறினாலும் அதைக் கடலில் அறுத்துக் கட்டுப்படியாகாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. அங்கே பாசி எடுக்கத் தடை. விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, அமாவாசை பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் முங்கிப் பாசி பறிக்கும் ராமநாதபுரத்துப் பெண்களுக்கு அந்தத் தடையோடு நெடுநாள் வழக்கு. கிலோக் கணக்கில் உலர்ந்த பாசியிலிருந்து மில்லிகிராம் கணக்கில் வரும் பொருளுக்காக அந்த மடுக்களை மொட்டையடிக்க எந்த அரசும் அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது. டெலிசியாவின் ஃபியூரனோன்களை வேதியியலாளர்கள் 1990களிலேயே ஆய்வகத்தில் தொகுத்துவிட்டார்கள். எக்லோனியாவின் டைக்கால் இன்னும் பாசியிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. ஒரு பொருளின் அமைப்பு தெரிந்தால்தான் அதைத் தொகுக்க முடியும். அமைப்புத் தெரிய, சாற்றைப் பிரித்தாக வேண்டும். வட்டத்தை அளந்ததோடு நிற்கும் ஆய்வுகள் எட்டாமல் விட்ட படியும் அதுதான்.